பொஸ்ரன் நகரத்து வெள்ளிக் கிண்ணம்

நாட்டுப்பற்றின் சின்னங்களாக வாளையும் கொடியையும் போற்றுதல் எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க நாட்டின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலோ அத்தகைய மதிப்பு ஒரு மதுக்கிண்ணத்துக்கு வாய்த்திருக்கின்றது. அது 1768ஆம் ஆண்டிலே செய்யப்பட்ட வெள்ளிக் கிண்ணம்.

அக்காலத்தில் மசச்சூசெற்ஸ் பிரித்தானிய முடியின் கீழிருந்த குடியேற்ற நாடு. 1767இல் இலண்டன் பாராளுமன்றம் தேயிலை, கண்ணாடி, காகிதம், ஈயம், வர்ணம் ஆகியவற்றின்மீது தீர்வை விதித்தது. தம் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாத மன்றம் தம்மிடம் வரி கேட்பது முறையன்று என்று மசச்சூசெற்ஸ் பிரதிநிதிகள் சபை ஏனைய குடியேற்ற நாடுகளுக்குச் சுற்றுமடல் விடுத்தது. அதனை மீளப் பெறுக என்று இலண்டனிலிருந்து கட்டளை பிறந்தது. 1768 யூன் 30ஆந் திகதி வாக்கெடுப்பு நடந்தது. பணிந்தோர் 17 பேர்; மறுத்தோர் 92 பேர். தேசாதிபதி பேணாட் சபையைக் கலைத்துவிட்டார்.

மறுத்த அந்தத் தொண்ணூற்றிருவரின் புகழ் நிலைக்கவேண்டுமென்று, ‘சுதந்திர மைந்தர்’ என்னும் கூட்டத்தைச் சேர்ந்த பதினைவர் இக்கிண்ணத்தைச் செய்வித்தனர். செய்தவர் போல் ரெவியர். 1775இல் பிரித்தானியப் படை புறப்பட்ட செய்தியை இரவோடிரவாகக் குதிரையேறிச் சென்று அறிவித்தவரென்று பிற்காலக் கவிதையொன்றினாற் பெரும்புகழ் பெற்ற இவர், தொழிலால் வெள்ளித் தட்டார்.

கிண்ணத்தின் விளிம்பை ஒட்டிப் பதினைவரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அரசாங்கத்தின் சினத்துக்கு ஆளாகக்கூடிய செயலில் தம் பெயரை வெள்ளியில் வெட்டுவித்தமை சிறு துணிவன்று. கிண்ணத்தின் நிறை 45 அவுன்சு. அது கொள்ளும் மது 45 கில், அதாவது ஏறக்குறைய பதினொரு பைந்து. இவ்வெண் தற்செயலாக அமைந்ததன்று. இலண்டனில் ஜோன் வில்க்ஸ் என்பார் 1763இல் தம் பத்திரிகையின் 45ஆவது இதழில் மன்னரின் பேருரையைக் கண்டித்தெழுதி, ஆட்பெயர் குறியாத பொதுப் பிடியாணையினாற் சிறைப்பட்டவர். ஆகவே 45 என்றாலே சுதந்திரம் என்று பொருள்பட்டது. கிழிந்த பிடியாணையும், மகா சாசனம், உரிமைச் சட்டம் என்னும் பெயர்கள் தாங்கிய கொடிகளும் கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் வரையப்பட்டுள்ளன.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கொடிகள் இரண்டும் ஆங்கில நாட்டுச் சட்டங்களின் பெயரையே தாங்கியவை. தனி நாடு வேண்டும் என்ற சொல் கிண்ணத்தில் எங்கும் இல்லை. மன்னரின் குடிகளாகிய தமக்கு மன்னரின் சட்டம் தந்த உரிமையைத் தருக என்பதே அன்றைய வழக்கு. இதனைச் சுதந்திரப் பிரகடனத்தின் முன்னோடியாகக் காண்பது 1776ஐ அறிந்த பின்னோரின் பார்வை.

மற்றொன்றும் உண்டு. இத்தகைய கிண்ணங்களிற் பருகப்பட்டது ‘பஞ்ச்’ என்னும் கலவை மது. றம், சீனி, எலுமிச்சைச் சாறு முதலியன சேர்ந்தது. றம் வடிக்கும் பாகும் சீனியும் மேற்கிந்தியத் தீவுகளிலே, அடிமைகளின் உழைப்பினால் விளைந்தவை. பொஸ்ரனிலும் அக்காலத்தில் அடிமைகள் இருந்தனர். உரிமையைப் பாராட்டி உயர்த்திய கிண்ணத்தில் அவ்வுரிமை மறுக்கப்பட்டோரின் வியர்வையும் கலந்திருந்ததென்பதை வெள்ளியிற் பொறித்தாரில்லை.

தனியார் கைகளில் நெடுங்காலம் இருந்த கிண்ணத்தை நூதனசாலை 1949இல் விலைக்கு வாங்கியது. பொதுமக்களும் பொஸ்ரன் பாடசாலைப் பிள்ளைகளும் அதற்குக் காசு சேர்த்துக் கொடுத்தனர். பதினைவர் பணமிட்டுச் செய்வித்த பொருள் இவ்வாறு மீண்டும் பலர் பணத்தினால் ஊர்ப்பொருளாயிற்று. அதன் வடிவத்தைப் பின்பற்றிய கிண்ணங்கள் அமெரிக்காவில் மணப்பரிசாகவும் போட்டிப் பரிசாகவும் வழங்கப்படுகின்றன. அவற்றிற் பழமும் பூவும் வைப்பார்கள். பஞ்ச் ஊற்றுவோர் சிலரே.