பாயும் வெறுந்தரையும்: தஞ்சைத் திருச்சபை கற்றுத்தந்த வாழ்க்கை

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு நேயர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "பள்ளிக்கூடம் கட்டினாங்க, ஆஸ்பத்திரி கட்டினாங்க, அதெல்லாம் சரி. ஒரு மனுஷன் எப்படி நல்லா வாழணும்னு சர்ச் தன் ஜனங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தது?" ஒரே வரிக் கேள்விதான். ஒரு வாரமா என்னை விடவே இல்ல. இன்னைக்கு எபிசோடு அதைப் பத்தித்தான்.

முதல்ல என் கதை கொஞ்சம். நான் வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம், ஆத்தோரத்துல ஒரு சின்ன ஊர். எங்க கோயில்ல அப்போ பெஞ்சு கிடையாது, பாய்தான். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை, பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உட்கார்ற பையனோடு போய், அவன் வீட்டு ஆளுங்க உட்கார்ந்திருந்த பக்கம் உட்கார்ந்துட்டேன். பாட்டு முடியறதுக்குள்ள ஒரு பெரியவர் வந்தார். ஒரு வார்த்தை பேசல. என் கையைப் பிடிச்சுத் தூக்கி, இந்தப் பக்கம் கொண்டுவந்து உட்கார வெச்சார். அன்னைக்குப் பிரசங்கம் அயலானை நேசிக்கிறது பத்தி. பின்னாடி பெஞ்சு வந்தது. ஆனா யார் எந்தப் பக்கம் என்பது ரொம்ப நாள் மாறவே இல்ல.

இது எங்க ஊர்ல மட்டும் நடந்ததுன்னு நினைச்சிருந்தேன். சரித்திரம் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது, அந்தப் பாய்க்கு வயசு கிட்டத்தட்ட முந்நூறு.

பாடம் படித்த ஐயர்

1706 ஜூலை. தரங்கம்பாடியில் டென்மார்க் கப்பலிலிருந்து இரண்டு ஜெர்மானியர்கள் இறங்குகிறார்கள். ஒருவர் சீகன்பால்க், இன்னொருவர் புளூட்சோ. தரங்கம்பாடி, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த கடலோர ஊர். சீகன்பால்கு அப்போது கிட்டத்தட்ட இருபத்துநான்கு வயது. நம்ம ஜனங்கள் அவரை 'ஐயர்' என்று கூப்பிட்டார்கள். பின்னால் வந்த மிஷனரிகளுக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

இவர் வந்ததும் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்வாழ்வைச் சொல்லிக்கொடுக்க வந்தவர், முதலில் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் படித்தார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். எப்படி வாழணும் என்று தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த புத்தகங்கள் இவை. வேதம் தெரியாத ஜனங்களிடம் இவ்வளவு நீதி இருக்கிறது என்று ஐரோப்பாவுக்கு எடுத்துச்சொல்ல அவர் தயங்கவில்லை. பாவம், அந்த மொழிபெயர்ப்பு அவர் காலத்தில் அச்சேறவில்லை.

ஆக, ஆரம்பத்திலேயே ஒரு விஷயம் தெளிவு. பொய் சொல்லாதே, களவு செய்யாதே, பெற்றவரை மதி என்பதையெல்லாம் கப்பலில் கொண்டுவர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது இங்கேயே இருந்தது. புதுசாகச் சொல்ல வேண்டியது வேறொன்று: கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்று என்பது. அதைச் சொன்னார்கள். அச்சடித்தும் கொடுத்தார்கள், தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715க்குள் வந்துவிட்டது. 1718இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் புது எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். சிலுவை வடிவக் கட்டடம். அந்த ஆலயத்துக்குள்ளேதான் வேளாளர் முதலிய சாதியார் ஒரு பக்கம் பாயில், பறையர் இன்னொரு பக்கம் வெறுந்தரையில் உட்காரும் வழக்கம் நிலைத்தது. பிரசங்கம் ஒன்று, உட்காரும் இடம் இரண்டு.

சேர்வைக்காரன் படித்த புத்தகம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் முக்கியமானவர், பலரும் பெயர்கூடக் கேட்டிராத ஒருவர். ராஜநாயக்கன். 1700இல் பிறந்தவர். பறையர். கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சை மராட்டிய அரசரின் படையில் சேர்வைக்காரன், அதாவது சிறு படைத்தலைவன். வளர்ந்து ஆளான பிறகுதான் எழுத்துப் படித்தார். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ச் சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதைப் படித்தவர், மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1728 வாக்கில் படைவேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார்.

இதன் கனம் புரியணும்னா அன்றைய நிலைமை தெரியணும். தஞ்சை அரசர் ஐரோப்பிய மிஷனரிகளைத் தன் நாட்டுக்குள் தாராளமாக விடாத காலம் அது. ஆகவே வயல் வரப்பில் நடந்து, கிராமம் கிராமமாகப் போய், பிள்ளைகளுக்கு எழுத்தும் பெரியவர்களுக்கு வேதமும் சொல்லிக்கொடுத்தது தமிழ் உபதேசியார்கள்தான். பழைய சபையாரின் எதிர்ப்பு வேறு. நாற்பது வருஷத்துக்கும் மேலே இந்த வேலையைச் செய்து, 1771இல் ராஜநாயக்கன் இறந்தார்.

இதற்கு நடுவில் 1733 டிசம்பரில் ஆரோன் என்பவருக்குப் போதகர் பட்டம் கொடுக்கப்பட்டது. முதல் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் போதகர் அவர்தான். கடலூர் வேளாளர், நல்ல மனிதர், உழைப்பாளி. 1741இல் தியோகு இரண்டாவது போதகர் ஆனார். ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. அவருடைய அறிவையோ நடத்தையையோ யாரும் குறை சொல்லவில்லை. ஒரே தடைதான்: பறையர் ஒருவர் கையிலிருந்து இராப்போஜனத்தை மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம். கடைசி வரை அவர் உபதேசியாராகவே இருந்தார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நல்லா வாழறது எப்படின்னு தஞ்சைச் சீமைக்கே நடந்து போய்ச் சொல்லிக்கொடுத்த மனுஷர். அவர் கையால அப்பம் வாங்க மட்டும் ஆள் இல்லன்னு சபையே முடிவு பண்ணிடுச்சு.

ஒரு வார்த்தைக்கு 80,000 கலம்

தஞ்சாவூருக்குப் போனால், பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவுக்குள் ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. 1779இல் கட்டியது. உள்ளே லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் சுவார்ட்ஸ் ஐயர். அவர் கையைப் பிடித்தபடி தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். இதைச் செய்யச் சொல்லி வரவழைத்தது சரபோஜியே. கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்த மன்னர், ஒரு பாதிரியாருக்கு வைத்த நினைவுச்சின்னம்.

ஏன் அப்படி? 1780இல் ஹைதர் அலி படையெடுத்தபோது தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோனது. வெளியே நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்ததற்கே காசு வரவில்லை என்று யாரும் கொண்டுவரத் தயாரில்லை. அரசர் வாக்கை நம்ப ஆள் இல்லை. சுவார்ட்ஸ், "பணத்துக்கு நான் பொறுப்பு" என்றார். மாட்டு வண்டிகள் வரத் தொடங்கின. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்ததாக அவர் கடிதம் சொல்கிறது. பின்னால், வரிக்கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களும் இவர் வாக்கை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்து, பருவம் தப்பியும் வயலில் இறங்கினார்கள். நாணயம் என்றால் என்ன என்று டெல்டா விவசாயிக்கு இதைவிட நல்ல பிரசங்கம் கிடையாது.

இதே சுவார்ட்ஸிடம் கண்டிப்பும் இருந்தது. கோகிலா என்ற தஞ்சை மராட்டியப் பிராமண விதவை ஓர் ஆங்கில அதிகாரியோடு, திருமணம் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். ஞானஸ்நானம் கேட்டார். இந்த நிலையில் தர முடியாது என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778இல்தான் பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. குளோரிந்தா என்று பெயர். திருநெல்வேலிச் சபையின் ஆரம்ப வரலாறே அந்த அம்மாவோடுதான் தொடங்குகிறது.

இங்கேதான் நான் நின்றுபோனேன். திருமண விஷயத்தில் ஒரு விதவையை வாசலில் நிறுத்தி வைக்க முடிந்த அதே சபை, பாயையும் தரையையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. மெல்ல மெல்ல மாறும், அன்பினால் தானே கரையும் என்பது அன்றைய மிஷனரிகளின் எண்ணம். கரையவில்லை.

பூவும் பாட்டும் பாயும்

சுவார்ட்ஸ் 1798இல் இறந்தார். அவர் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே சுவார்ட்ஸோடு தஞ்சைக்கு வந்தவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவர் வாயில் தமிழிசையை வைத்தவர் என்றே சொல்லலாம். அவர் பாடல்கள் இன்னைக்கும் நம்ம வீடுகள்ல ஒலிக்குது.

1820களில் புது மிஷனரிகள் வந்தார்கள். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றணும் என்றார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூ எதற்கு, கோயிலில் தமிழ்க் கீர்த்தனை எதற்கு என்றார்கள். எல்லாரும் கலந்து உட்காரணும் என்றும் சொன்னார்கள். சாஸ்திரியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எதிர்த்து எழுதினார். மிஷன் வேலை போனது. சரபோஜி அவரைத் தன் அரசவைப் புலவராக வைத்துக்கொண்டார்.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமை திருச்சபைக்குள் உடனடியாக, அடியோடு ஒழிய வேண்டும். தனி இடம், தனித்தனியாக இராப்போஜனத்துக்கு வருவது எதுவும் கூடாது. அதற்கு ஏழு வருஷம் முன்பு தஞ்சைக்கு வந்த பேராயர் ஹீபர் நிதானமாகப் போகலாம் என்ற மனநிலையில் இருந்தவர். வில்சன் அப்படி இல்லை. தஞ்சைச் சபை உடைந்தது. நிறையப் பேர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். இணங்காத உபதேசியார்களும் வாத்தியார்களும் வேலை இழந்தார்கள். 1835இல் வில்சனே நேரில் வந்தார். அப்போதும் எல்லாரும் திரும்பிவிடவில்லை. 1840களிலிருந்து ஜெர்மனியின் லுத்தரன் மிஷன், சாதி விஷயத்தில் கொஞ்சம் விட்டுப்பிடித்தபோது, இவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

சாஸ்திரியார் தரப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. இது மரியாதை வழக்கம், மதம் அல்ல என்றார்கள். அன்றைய இங்கிலாந்தில் வசதியுள்ள குடும்பங்கள் கோயில் பெஞ்சுகளை வாடகைக்கு எடுத்துத் தங்களுக்கென்று வைத்திருந்தன, ஏழைகள் மிச்சமிருந்த இடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதும் உண்மைதான்.

என் மனசுல பட்டதைச் சொல்றேன். பூவுக்கும் பாட்டுக்கும் சாஸ்திரியார் சண்டை போட்டது நியாயம். அதில் அவர் ஜெயித்தார், நாம் எல்லாரும் ஜெயித்தோம். பாய் விஷயத்தில் அவர் தவறு. மிஷனரிகள் பூவையும் பாயையும் ஒரே பட்டியலில் எழுதிய தப்பைச் செய்தார்கள். இவரும் அதே பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தார். நல்லா வாழறது வேற, வெள்ளைக்காரன் மாதிரி வாழறது வேற. நம்ம வழக்கம் வேற, நம்ம அநியாயம் வேற. இந்த ரெண்டையும் ரெண்டு பக்கமும் பிரிச்சுப் பார்க்கலை.

இத்தனை வாதத்திலும் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி இரண்டு தரப்பும் பேசியது. அவர்கள் நடுவிலிருந்து வந்த ஒரு ராஜநாயக்கனை நூறு வருஷம் முன்பே பீடத்தில் நிறுத்தியிருந்தால், 1833இல் கல்கத்தாவிலிருந்து கடிதம் வரவேண்டிய தேவை இருந்திருக்குமா? அந்தப் பாடம் உள்ளிருந்தே, தமிழிலேயே வந்திருக்கும்.

நேயர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். திருச்சபை எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது, நாணயத்தைச் சொல்லிக்கொடுத்தது, பஞ்சத்தில் பகிர்ந்து சாப்பிடச் சொல்லிக்கொடுத்தது. அதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் பிள்ளைகள் பிரசங்கத்தைவிட, யாரை எங்கே உட்கார வைக்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படிச்சேன். என்னைத் தூக்கி இந்தப் பக்கம் வெச்ச பெரியவர் கெட்டவர் இல்ல; அவருக்கும் சின்ன வயசுல யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பாங்க.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பழைய நண்பன் வந்திருந்தான், தலை நரைச்சுப்போச்சு. அவன் பேத்தியும் எங்க வீட்டுப் பிள்ளைகளும் முன்வரிசையில ஒண்ணா நின்னு பாடினாங்க, சாஸ்திரியார் பாட்டுத்தான். நான் போய் அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் கையைப் பிடிச்சுத் தூக்கலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.