பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்

"ஐஞ்சு சந்தியில இறங்கி, பள்ளிக்குப் போற றோட்டால நடந்தா இடக்கைப் பக்கம் மூண்டாவது ஒழுங்கை. உள்ளுக்க போனா நாலாவது படலை எங்கட."

எங்கள் வீட்டின் விலாசத்தைக் கேட்டால் உம்மா இன்றும் இப்படித்தான் சொல்வார். இலக்கம் சொல்லமாட்டார். தபாற்காரருக்கும் அது தேவைப்படவில்லையாம். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் புத்தளத்திலிருந்து வாப்பாவும் நானும் யாழ்ப்பாணம் போனோம். ஐந்து சந்தி இருந்தது. உம்மா சொன்ன வீதியும் இருந்தது. இடக்கைப் பக்கம் இரண்டு ஒழுங்கைகளே இருந்தன. மூன்றாவது ஒழுங்கையைக் காணவில்லை. இடிந்த சுவர்களும் பற்றைக் காடும் ஆமணக்கும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. அந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்த வாப்பா, நடுவீதியில் நின்று, "இதுதானா?" என்று என்னிடம் கேட்டார். சோனகத் தெருவை விட்டு வந்தபோது எனக்குப் பத்து வயது. நான் என்ன பதில் சொல்வேன்?

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி நடந்ததை இவ்விதழின் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஜின்னா மைதானத்துக்கு வருமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறிவிட வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். அந்த மாதத்தின் பிற்பகுதியில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இவ்வாறு துரத்தப்பட்டனர். வழியில் பைகளைச் சோதித்தபோது உம்மாவின் நகைகளோடு காணி உறுதியும் போயிற்று. நகைக்காக உம்மா அழுததை நான் கண்டதில்லை. உறுதிக்காக அழுததைக் கண்டிருக்கிறேன்.

அந்த ஒழுங்கையைத் தேடுவதற்கு எனக்குத் துணிவு தந்தது ஆசிரியர் கலாசாலைப் படிப்பு. அங்கே எங்கள் வரலாற்று விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் தத்தம் ஊரின் படத்தை வரைந்து வரச் சொன்னார். மற்றவர்கள் வரைந்து வந்தார்கள். நான் வெறுந்தாளைக் கொடுத்தேன். "ஊர் இல்லாமற் போனால் ஆவணம் இருக்கும். தேடிப் பார்" என்றார் அவர்.

முதலில் தேசப்படங்களைத் தேடினேன். பழைய நிலஅளவைத் தாள்கள் ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்குபவை. அதாவது 63,360 அங்குல நிலம் ஓர் அங்குலத் தாளாகிறது. எட்டடி ஒழுங்கையொன்றை அந்த அளவில் வரைந்தால் அது தலைமயிரைவிட மெல்லியதாகிவிடும். கோட்டை தெரிந்தது, கடனீரேரி தெரிந்தது, பெரிய வீதிகள் தெரிந்தன. எங்கள் ஒழுங்கை தெரியவில்லை. 1672இல் வெளிவந்த பால்தேயுவின் நூலில் யாழ்ப்பாணத்தின் படமொன்று உண்டு. அதிலும் கோயிற்பற்றுகளையும் துறைகளையும் காணலாமேயன்றி, ஓர் ஏழைச் சோனகனின் படலையைக் காண முடியாது. தேசப்படம் என்பது ஆட்சியாளர் தமக்கு வேண்டியதைக் குறித்து வைத்த தாள் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன்.

இந்தத் தெருவுக்கு முன்னும் எங்களுக்குத் தெருக்கள் இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, சோனகர் முதலில் மிருசுவில் பக்கத்து உசனில் குடியிருந்ததாகவும், பின்னர் நல்லூரில் வாழ்ந்ததாகவும், அங்கிருந்தும் விலக நேர்ந்ததாகவும் சொல்கிறது. நல்லூரை விட்டுப் போகச் செய்வதற்காக அவர்களுடைய கிணறுகளில் பன்றி இறைச்சி போடப்பட்டதென்பதும் அந்நூல் தரும் செய்தியே. அதன் பின்னரே நாவாந்துறைப் பக்கம் குடியேற்றம் நிகழ்ந்தது. வைபவமாலை கேள்விச் செய்திகளும் கலந்த நூல். அதன் ஒவ்வொரு வரியையும் சாட்சியமாகக் கொள்ள முடியாது. ஆயினும் ஒரு தமிழ்ப் புலவரே தம் நூலில் இதைப் பதிந்து வைத்தார் என்பது சிறிய விடயமல்ல. ஒல்லாந்தரோ சோனகரையும் செட்டிகளையும் அந்நியராகக் கணித்து அவர்கள்மீது ஊழியக் கடமையைச் சுமத்தினர். அவர்களது தோம்புகளில் காணியும் ஆளும் பதியப்பட்டது வரிக்காகவும் வேலைக்காகவுமே. நல்லூரில் எமது மூதாதையர் நடந்த தெருவை இன்று எவராலும் காட்ட முடியாது. சோனகத் தெருவும் அவ்வாறாகிவிடுமோ என்ற அச்சந்தான் என்னைத் தொடர்ந்து தேட வைத்தது.

எனது முதற் பிழை, வாப்பாவின் வழியில் தேடியது. வாப்பாவின் பெயர், மூத்தவாப்பாவின் பெயர், அவரின் வாப்பாவின் பெயர் என்று எழுதிக்கொண்டு விடுமுறைதோறும் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்துக்குப் போனேன். ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் புத்தியில் உறைத்தது: எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிறவர். வீடு பெண்ணுக்குரியது. சோனகத் தெருவின் பெருமையைப் பேசும்போது நாம் சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்த ஏ.எம்.ஏ. அஸீஸையும், மாநகர முதல்வராயிருந்த எம்.எம். சுல்தானையும், அசனாலெப்பைப் புலவரையும் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் தெருவின் மண்ணோ பெண்களின் பெயரில் இருந்தது. அவர்களின் பெயர்களை நாம் எந்த மலரிலும் அச்சிட்டதில்லை.

வழியைக் காட்டியது நீர்கொழும்பிலிருந்த ஒரு பழைய அயலவர் குடும்பம். அவர்கள் தமது உறுதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பிரித்து வாசித்தேன். இரண்டு பரப்புக் காணி. வடக்கு கையொழுங்கை. கிழக்கெல்லையில் எனது உம்மம்மாவின் பெயர்! கடைசியில், யாழ்ப்பாணத்து உறுதிகளை வாசித்தவர்களுக்குப் பழக்கமான அந்த வாசகம்: பங்குக் கிணற்றில் நாலிலொரு பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்.

நாலிலொரு பங்கு என்றால் மற்ற மூன்று பங்குகளும் எங்கே?

பதிவகத்தின் முறை இவ்விடத்தில் கைகொடுத்தது. அங்கே ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம் திறக்கப்படுகிறது. காணி பிரிக்கப்பட்டால் புதிய பக்கங்கள் திறக்கப்பட்டு, பழைய பக்கத்தில் அவற்றின் தொகுதியும் இலக்கமும் குறிக்கப்படும். நொத்தாரிசு தாம் முடித்த உறுதியின் இணைப்பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பதால், மூல உறுதி எரிந்தாலும் பறிபோனாலும் அதன் உடன்பிறப்பு ஒன்று அங்கே இருக்கும். அயலவரின் பக்கத்திலிருந்து தாய்ப் பக்கத்துக்குப் போனேன். தாய்ப் பக்கத்திலிருந்து நான்கு பிள்ளைப் பக்கங்கள் பிரிந்தன. எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர் காணி, நான்கு பெண்மக்களுக்குச் சீதன நன்கொடையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர் அவர்களின் உம்மா. அந்த நால்வரில் ஒருவர் எனது உம்மம்மாவைப் பெற்றவர்.

எங்கள் ஒழுங்கை ஏன் எந்தத் தேசப்படத்திலும் இல்லையென்பது அப்போது தெளிவாயிற்று. அதை அரசாங்கமோ மாநகர சபையோ வெட்டவில்லை. நான்கு மகள்மாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ள வேண்டும், ஒருவர் மற்றவரின் முற்றத்தை மிதிக்காமல் வீதிக்கு வர வேண்டும் என்று ஒரு தாய் தன் காணியில் விட்டுக்கொடுத்த நிலந்தான் அந்த ஒழுங்கை. நாங்கள் அயலவர் என்று நினைத்திருந்தவர்கள் நான்காம் தலைமுறைச் சொந்தக்காரர். அந்த உறுதியின் அடியில் கொடுத்தவரின் கையொப்பம் இருந்தது. தமிழெழுத்தும் இல்லை, பெருவிரல் அடையாளமும் இல்லை. அரபுத் தமிழில், நடுங்காத கையால், தனது பெயரை எழுதியிருந்தார். கந்தோரில் ஆட்கள் இருந்தபடியால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான்கு காணிகளில் ஒன்று பின்னாளில் வழக்கில் பிரிக்கப்பட்டிருந்தது. அதற்காக நில அளவையாளர் கீறிய படமும் கிடைத்தது. ஒழுங்கையின் அகலம் 12 லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலமாதலால் அது எட்டடிக்குச் சற்றுக் குறைவு. கிணற்றை ஒரு சிறு வட்டமாகக் குறித்திருந்தார். சுவர் விழும், வேலி நகரும், மரம் பட்டுப்போகும். கிணறு இடம் மாறுவதில்லை. கிணற்றைக் கண்டால் ஒழுங்கையைக் கண்டதுபோல.

2013இல் அளவுநாடாவோடு போனேன். படத்தின்படி கிணறு இருக்க வேண்டிய இடம் ஒரு தகரக் கொட்டிலின் பின்பக்கம். அதில் இருந்தவர் மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு தமிழ்த் தாய். அவரும் 1990இல் இடம்பெயர்ந்தவர். அவருடைய வீடும் காணியும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மாறியது. "எங்களை எழும்பச் சொல்ல வந்தனீங்களோ தம்பி?" என்று கேட்டார். "இல்லையம்மா, கிணறு பார்க்க வந்தனான்" என்றேன். பின்னால் கூட்டிப் போனார். சீமெந்துக் கட்டு உடைந்திருந்தது. கயிறும் வாளியும் புதியவை. அள்ளித் தந்தார், குடித்தேன். அவருக்குப் பிறகு என்னைவிட அதிகம் கேள்விகள் இருந்தன. உறுதி இல்லாவிட்டால் என்ன செய்வது, எந்தப் பக்கத்தைத் தேடுவது, எவ்வளவு கட்டுவது. ஒரு கொப்பித் தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது. அதற்குப் பின் நான் போனபோது கொட்டில் வெறுமையாயிருந்தது.

இப்படி எழுதுவதால் எல்லாம் சுமுகமாய் முடிந்ததென்று எவரும் எண்ணவேண்டாம். எங்கள் நான்கு துண்டுகளில் ஒன்றை ஒருவர் தன் மதிலுக்குள் சேர்த்துக் கட்டிவிட்டார். ஒழுங்கையின் பாதி அந்த மதிலுக்குள் இருக்கிறது. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் காணி ஆண்டவனுக்கு என்கிறது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். துரத்தப்பட்டவன் எப்படித் தடுப்பான் என்ற கேள்விக்கு விடையாக, 1983 மே முதல் 2009 மே வரை வழக்காட முடியாதிருந்தோருக்கென 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. வாப்பா அதற்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். பங்காளிகள் நீர்கொழும்பிலும் புத்தளத்திலும் வெளிநாட்டிலும் சிதறியிருக்க, வழக்குக்கு யார் செலவழிப்பது, யார் சாட்சி சொல்வது என்று பேசிப் பேசியே காலம் போயிற்று. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஒழுங்கையைத் தாளில் கண்ட மகிழ்ச்சியில் நிலத்தில் அதை மீட்பதற்குப் பிந்திவிட்டேன்.

நான் கீறிய படத்தை உம்மாவிடம் காட்டினேன். நான்கு வளவுகள், ஒழுங்கை, கிணறு, படலைகள். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார். "முருங்கையை விட்டுட்டாய்" என்றார். பிறகு விரலை வைத்து, "இதில ஒரு துவாரம். உங்கட உம்மம்மா இதாலதான் அடுத்த வளவுக்குக் கஞ்சிக் கோப்பை நீட்டுறவ" என்றார். வேலியில் இருந்த அந்தத் துவாரத்தை எந்த நொத்தாரிசும் எழுதவில்லை, எந்த அளவையாளரும் குறிக்கவில்லை. பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

இதை வாசிக்கும் வடபுலத்துச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உம்மாமாரிடமும் சாச்சிமாரிடமும் கேளுங்கள். காணியின் பெயர் என்ன, எல்லையில் யார் இருந்தார், கிணறு தனியா பங்கா என்று கேட்டு எழுதுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு, நிக்காஹ் பதிவு, வாக்காளர் இடாப்பு, எது இருந்தாலும் பிரதியெடுத்து வையுங்கள். ஆவணம் பதிவகத்தில் இன்னும் இருக்கும். ஆனால் எந்தப் பெயரில் தேடவேண்டுமென்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் வீடுகளில் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். அடுத்த விடுமுறைக்கு நான் மீண்டும் யாழ்ப்பாணம் போகிறேன், இம்முறை ஒரு சட்டத்தரணியைப் பார்ப்பதற்காக. உம்மா கொடுத்தனுப்பப் போவது ஒரு சின்னப் போத்தல். கிணற்றுத் தண்ணீர் வேண்டுமாம்.