மடித்து எடுத்துச் சென்ற மேசை

2003ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் கொடைக்கானலில் ஓர் ஆங்கிலேயர் உயிர்நீத்தார். மூளையைப் பற்றிய நோயால் பலமுறை வாதத்திற்கு உள்ளாகி, 1992 முதல் இந்தியாவில் தம் சகோதரியின் பராமரிப்பில் வாழ்ந்தவர். ஆடம் ஆஸ்பர்ன் என்பது அவர் பெயர். இரயிலில் மடிமேல் கணினியை விரித்து வேலை பார்க்கும் இன்றைய இளைஞர்களுள் அப்பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன், இரமண மகரிஷியைக் குருவாக ஏற்ற ஆங்கிலேயர்; தாய் போலந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரின்போது தந்தை ஜப்பானியரின் தடுப்பு முகாமில் சிறைப்பட்டிருக்க, தாயும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் அடைக்கலம் பெற்றனர். சிறுவன் ஆடம் கொடைக்கானல் பிரசன்டேஷன் கான்வென்டில் பயின்று, பதினோராம் வயதில் இங்கிலாந்து சென்றான். பிற்காலத்தில் அமெரிக்காவில் வேதியியல் பொறியியலில் முனைவரானார். ஆயினும் அவருக்குப் பெயர் தந்தது எழுத்தே. கணினியின் உள்ளுறுப்புகளை எளிய நடையில் விளக்கும் நூல்களை எழுதி, தாமே பதிப்பித்து விற்றார்.

கணினியைத் தூக்கிச் செல்லலாம் என்னும் எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 1975இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 5100 என்னும் பொறி ஏறத்தாழ 25 கிலோ எடை. விலையோ 9,000 டாலரை ஒட்டித் தொடங்கிற்று. அதைத் தூக்கிச் செல்லத் தோளும் வேண்டும், செல்வமும் வேண்டும். ஆஸ்பர்ன் கேட்ட கேள்வி வேறு. ஊர் ஊராய்ச் செல்லும் எழுத்தாளனுக்கும் கணக்கனுக்கும் எவ்வளவு இருந்தால் போதும்? போதுமான அளவே போதும், அதற்கு மேற்பட்டது தேவையற்றது என்பதே அவர் வணிகக் கொள்கை.

லீ ஃபெல்சன்ஸ்டைன் என்னும் பொறியாளர் வடிவமைக்க, ஆஸ்பர்ன் 1 என்னும் அக்கணினி 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் அரங்கேறியது. விலை 1,795 டாலர். எழுத்துப் பணிக்கு வேர்ட்ஸ்டார், கணக்கிற்குச் சூப்பர்கால்க் முதலிய மென்பொருள்களும் அவ்விலைக்குள்ளேயே அடங்கின. மூடியைக் கழற்றினால் அதுவே விசைப்பலகை. மூடிவிட்டால் தையல் இயந்திரப் பெட்டி போன்ற தோற்றம். விமான இருக்கையின் அடியில் நுழையும் அளவு. எடை மட்டும் 11 கிலோ! திரை 5 அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துகளே தெரியும். வரி நீண்டால் திரையைப் பக்கவாட்டில் நகர்த்தித்தான் மீதியைப் படிக்க வேண்டும். மின்கலமும் இல்லை. ஆகவே அது வழிக்கான கருவியன்று, விடுதிக்கான கருவி. சுவரில் மின்சாரம் கிடைக்கும் இடத்தை அடைந்த பின்னரே வாய் திறக்கும். ஆயினும் மக்கள் விரும்பி வாங்கினர். விற்பனை உச்சத்தில் இருந்தபோது மாதத்திற்கு 10,000 வரை விற்றது.

இவ்விடத்தில் நம் குருத்துவ வாழ்வோடு ஒட்டிய ஒன்று நினைவுக்கு வருகின்றது. 'எவ்வளவு இருந்தால் போதும்' என்ற இதே கேள்வியைத் திருச்சபை 13ஆம் நூற்றாண்டிலேயே சந்தித்தது. அதுவரை நாள்தோறும் செபிக்கும் திருப்புகழுக்குச் சங்கீத நூல், வாசக நூல், பாடல் நூல் எனப் பல ஏடுகள் வேண்டியிருந்தன. அவை துறவுமடங்களிலும் பேராலயங்களிலும் பாடகர் அரங்கை விட்டு நகரா. புனித பிரான்சிஸ் அசிசியின் சகோதரர்களோ கால்நடையாய் ஊர் சுற்றியவர்கள். உரோமை ஆயத்தார் தமக்கெனச் சுருக்கிக்கொண்ட செபமுறை அவர்களுக்கு ஏற்றதாயிற்று. 1223இன் சபை ஒழுங்கு அவர்களுக்கு 'பிரேவியாரியும்' வைத்துக்கொள்ள இசைவளித்தது. 'சுருக்கம்' என்பதே அச்சொல்லின் பொருள். நாம் கட்டளைச் செபம் என்று கையில் ஏந்திவந்த நூல், வழிநடைக்காரருக்காகக் குறுக்கப்பட்ட நூல்! நீண்ட வாசகங்கள் குறைந்தன. குழுவாய்ப் பாடும் இசையும் பல இடங்களில் ஒழிந்தது. அவ்விழப்பின்றி அந்நூல் பையில் அடங்கியிராது.

ஆஸ்பர்னின் வீழ்ச்சிக்கு வருவோம். 1983 தொடக்கத்தில், அடுத்த கணினி இதைவிடச் சிறப்பாய் வருகின்றது என்று அவர் முன்கூட்டியே பேசினார். வணிகர்கள் பழையதை வாங்காமல் காத்திருந்தனர். கிடங்கில் சரக்கு தேங்கிற்று. செப்டம்பரில் நிறுவனம் நொடித்தது. வணிக நூல்கள் இன்றும் இதை 'ஆஸ்பர்ன் விளைவு' என்று பாடமாக்குகின்றன. தற்பெருமையால் அழிந்தவன் என்று நாமும் ஒருமுறை மறையுரையில் இக்கதையைச் சொன்னதுண்டு. அது நேர்மையன்று என இப்போது கருதுகின்றோம். அதே விலையளவில் 9 அங்குலத் திரையோடு கேப்ரோ வந்திருந்தது, ஐ.பி.எம். மென்பொருள்களை இயக்கவல்ல காம்பேக் கணினியும் விற்பனைக்கு வந்துவிட்டது. அவர் வாய் மூடியிருந்தாலும் நிறுவனம் பிழைத்திருக்குமா என்று ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். இறந்த மனிதரை ஒரு நீதிக்கதையாய்ச் சுருக்கிவிடும் உரிமை நமக்கு ஏது?

அவர் எண்ணியது மட்டும் சாகவில்லை. அதே 1983இல் ஜப்பானின் கியோசெரா நிறுவனம் உருவாக்கிய மாடல் 100, ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் வந்தது. நான்கு சிறிய பேட்டரிகளில் 20 மணி நேரம் அளவு இயங்கியது. 8 வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவே. செய்தியாளர்கள் அதில் தட்டெழுதி, தொலைபேசிக் கம்பி வழியே தங்கள் அலுவலகத்திற்கு அனுப்பினர். அதுதான் மெய்யான வழித்துணை. பின்னர் வந்தவை பல. 2007இன் ஈ-பிசி என்னும் சிறு கணினி, எடையையும் விலையையும் குறைத்து மீண்டும் அந்தப் 'போதும்' என்ற இடத்தையே தேடியது. ஓரிரு ஆண்டுகளில் அவ்வகைக் கணினிகளும் பருக்கத் தொடங்கின.

2008இல் இத்தாலியக் குரு ஒருவரின் முயற்சியால் கட்டளைச் செபமும் கைப்பேசிக்குள் புகுந்தது. நான்கு தொகுதிகள் சட்டைப்பையில்! மலைப்பாதையில் பேருந்து வளையும்போது நாமும் அதில் மாலைச் செபம் சொல்லியிருக்கின்றோம். இரண்டாம் சங்கீதத்தின் நடுவே வங்கியிலிருந்து ஒரு செய்தி வரும். அதைத் தள்ளுவதற்குள் இறப்புச் செய்தி ஒன்று. உடனே நிற்க வேண்டிய அடக்கத் திருப்பலி. எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். அந்த இறப்புச் செய்தி உடனே எட்டியது நன்றே என்றும் தோன்றும். ஓரம் கறுத்த பழைய நூலில் பட்டுநாடா, விட்ட இடத்தைக் காத்துக் கிடக்கும். இன்னும் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டுதான் புறப்படுகின்றோம்.