இந்திய அணியில் இடம் கிடைக்காத இடது கைக்காரர்கள்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது, தெரியுமா உங்களுக்கு? 1934 நவம்பர் 4ஆம் தேதி, சேப்பாக்கம் மைதானம். மதராஸும் மைசூரும் மோதின. மைசூர் முதல் இன்னிங்ஸில் 48 ரன். மதராஸ் 130. மறுபடி ஆட வந்த மைசூர் 59 ரன்னுக்குச் சுருண்டது. ஒரு இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் மதராஸுக்கு வெற்றி. அன்றைக்கு 35 ரன் மட்டும் கொடுத்து 11 விக்கெட் எடுத்தவர் ஏ.ஜி. ராம்சிங்.

அந்த ராம்சிங் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை.

எங்கள் பழவேற்காட்டிலிருந்து சேப்பாக்கம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் குப்பத்து மணலில் டென்னிஸ் பந்தில் ஆடும் பையன்களைக் கேட்டால், டெஸ்ட் ஆடியவர்களின் பெயர் வரிசையாக வரும், ராம்சிங் பெயர் வராது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாட்டுக்கு ஆடியவர்களின் பெயர்தான் நிற்கிறது, மற்றவர்கள் பெயர் கரைந்துபோகிறது. "அவ்வளவு நல்ல ஆட்டக்காரர் என்றால் ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்பதும் வழக்கம். இது நியாயமான கேள்விதான். நான்கைந்து பேரின் கதையை வைத்து இதற்குப் பதில் தேடிப் பார்ப்போம். இவர்கள் எல்லோருமே இடது கைக்காரர்கள் என்பது ஒரு வேடிக்கை!

ராம்சிங்: ஆட்டமே இல்லாத காலம்

1910இல் அமிர்தசரசில் பிறந்த சீக்கியர் ராம்சிங். ஆனால் கிரிக்கெட்டில் அவர் முழுக்க மதராஸ்காரர். இடது கை பேட்ஸ்மேன், இடது கை ஸ்பின்னர். பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் நடந்த பிரசிடென்சி ஆட்டத்திலும் அவர் பெயர் பெரிது. ரஞ்சியில் 1000 ரன்னும் 100 விக்கெட்டும் சேர்த்த முதல் ஆட்டக்காரர் அவர்தான்.

பிறகு ஏன் எடுக்கவில்லை? முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். அதிலிருந்து 1946 வரை ஆடிய டெஸ்ட் மொத்தம் 10. ஆமாம், பத்தே பத்து! 1936க்கும் 1946க்கும் நடுவில் ஒன்றுகூட இல்லை. அந்த இடைவெளியில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப்போர் விழுங்கிவிட்டது. ராம்சிங்கின் 22 வயதிலிருந்து 36 வயது வரையான காலம் இது. ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயது முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் காலத்தின் மேல் போட முடியாது. 1936இல் இங்கிலாந்து போன அணிக்குக் கேப்டன் விஜயநகரம் இளவரசர் 'விஸ்ஸி'. ஆட்டத்தைவிட அரண்மனைச் செல்வாக்கால் அந்தப் பதவிக்கு வந்தவர் அவர். அந்தப் பயணத்தின் பாதியிலேயே லாலா அமர்நாத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பிய கதை பிரபலம். மதராஸிலிருந்து எம்.ஜே. கோபாலனும் சி. ராமசாமியும் அந்த அணியில் இருந்தார்கள். ராம்சிங் இல்லை. போன கோபாலன் கதையும் சோகம்தான். அதே ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடும் வாய்ப்பை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போனவர் அவர். அங்கே ஒரு டெஸ்ட்டில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கப் பதக்கத்தோடு திரும்பியது.

ராம்சிங்குக்கு ஒரு ஆறுதல் உண்டு. மகன் கிருபால் சிங் 1955இல் நியூசிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தில் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார். இன்னொரு மகன் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார். அப்பாவுக்குக் கிடைக்காத தொப்பி பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

கோயலும் சிவால்கரும்: நாற்காலி காலியாகவே இல்லை

அடுத்த கதை வேறு மாதிரி. இதில் வில்லன் யாரும் கிடையாது.

ஹரியானாவின் ராஜிந்தர் கோயல், பம்பாயின் பத்மாகர் சிவால்கர் இருவருமே இடது கை ஸ்பின்னர்கள். கோயல் 157 முதல் தர ஆட்டங்களில் 750 விக்கெட், சராசரி 18.58. ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். இந்தச் சாதனையை இன்று வரை யாரும் தாண்டவில்லை. சிவால்கர் 124 ஆட்டங்களில் 589 விக்கெட், சராசரி 19.69.

சிவால்கரின் திறமைக்குச் சாட்சி வேண்டும் என்றால் நம் சேப்பாக்கத்தையே கேட்கலாம். 1972-73 ரஞ்சி இறுதி ஆட்டம், தமிழ்நாடும் பம்பாயும். பம்பாய் எடுத்தது 151, 113 ரன்கள்தான். தமிழ்நாட்டின் கல்யாணசுந்தரம் ஹாட்ரிக் கூட எடுத்தார். (அவரும் இந்தியாவுக்கு ஆடியதில்லை!) ஆனால் சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட் எடுக்க, தமிழ்நாடு 80, 61 என்று கவிழ்ந்தது. பம்பாய்க்கு அது தொடர்ந்து பதினைந்தாவது கோப்பை.

இவர்கள் இருவரும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் முழுவதும் இந்திய அணியில் பிஷன் சிங் பேடி இருந்தார். 1966 கடைசியிலிருந்து 1979 வரை 67 டெஸ்ட், 266 விக்கெட். உலகிலேயே சிறந்த இடது கை ஸ்பின்னர் என்று சொல்லப்பட்டவர். அவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போடுங்கள் என்று யார் சொல்ல முடியும்? கோயலே அப்படிச் சொன்னதில்லை. பேடி தன்னைவிடச் சிறந்தவர் என்று மனமாரச் சொன்னவர் அவர்.

இரண்டு இடது கை ஸ்பின்னர்களைச் சேர்த்து ஆட வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நட்கர்ணி, துரானி இருவரும் பேடியோடு ஆடியதுண்டு. ஆனால் அவர்கள் மட்டையும் பிடிப்பார்கள். கோயலும் சிவால்கரும் கடைசி வரிசைக்காரர்கள். பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று மூன்று பெரிய ஸ்பின்னர்கள் வேறு வரிசையில் நின்றார்கள்.

ஒரே ஒரு முறை கதவு திறந்தது. 1974 நவம்பர், பெங்களூர், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக முதல் டெஸ்ட். ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிப் பேடியை அந்த ஆட்டத்துக்கு ஒதுக்கிவைத்தார்கள். கோயலை அழைத்தார்கள். அவரும் போனார். ஆனால் களமிறங்கிய பதினொரு பேரில் அவர் இல்லை. பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களையும் சந்திரசேகரையும் ஆட வைத்தார்கள். இந்தியா 267 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்ட்டில் பேடி திரும்பிவிட்டார். கதவு மூடிக்கொண்டது.

வாய்ப்பு கிடைத்திருந்தால் சாதித்திருப்பார்களா என்ற சந்தேகம் நியாயமானது. உள்ளூர் ஆடுகளங்கள் ஸ்பின்னுக்கு ஏற்றவை, அதில் எடுத்த விக்கெட்டை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. அவர் பெயர் திலீப் தோஷி. அவரும் இடது கை ஸ்பின்னர், அவரும் பேடிக்குப் பின்னால் காத்திருந்தவர். 1979இல் பேடி விலகிய பிறகு 31 வயதில்தான் முதல் டெஸ்ட், அதுவும் சேப்பாக்கத்தில். முதல் இன்னிங்ஸிலேயே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 6 விக்கெட். 33 டெஸ்ட்டில் 114 விக்கெட் எடுத்து முடித்தார். வரிசையில் நின்ற மூவரில் வயதில் இளையவருக்கு வாய்ப்பு எட்டியது. அப்போது கோயலுக்கு 37 நெருங்கிவிட்டது, சிவால்கருக்கு 39. ஐந்து முதல் எட்டு வயது வரையான வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வாசுதேவனும் சரத்தும்

தமிழ்நாட்டின் எஸ். வாசுதேவனும் அதே இடது கை ஸ்பின் குடும்பம்தான். 1954-55க்குப் பிறகு தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது ஒரே முறை, 1987-88இல். அந்த அணியின் கேப்டன் வாசுதேவன். பேடி போன பின்பும் அவருக்கு இடமில்லை. தோஷி, ரவி சாஸ்திரி, மனிந்தர் சிங் என்று வரிசை நீண்டுகொண்டே போனது.

பேட்ஸ்மேன்களில் எஸ். சரத். இடது கைக்காரர், தமிழ்நாட்டுக்காக நூறு ரஞ்சி ஆட்டங்கள் ஆடிய முதல் வீரர். முதல் தர ஆட்டங்களில் 8700 ரன், 27 சதம், சராசரி 51க்கு மேல். வேறு காலமாக இருந்தால் இந்தக் கணக்குக்குக் கதவு தானாகத் திறந்திருக்கும். ஆனால் அவர் ஆடிய காலத்தில் நடுவரிசையில் இருந்தவர்கள் டெண்டுல்கர், டிராவிட், கங்குலி, லட்சுமண்! இதில் யாரை எழுப்பிவிட்டு உட்காருவது? பின்னாளில், 2023இல், அதே சரத் இந்திய அணியின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்தார். தன் பெயரை எழுதாத தாளில் மற்றவர் பெயரை எழுதும் வேலை!

பாடு முறையும் தேர்வுக் குழுவும்

பழவேற்காடு ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. அதனால் நல்ல இடத்தில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறைகளாக இருப்பது இது. கெட்டிக்காரன், சாதாரணக்காரன் என்று பார்ப்பதில்லை. முறை வந்தால் இடம் உனக்கு.

இந்திய அணியை அப்படி நடத்த முடியுமா? முடியாது. முறை வருகிறது என்று பேடியை உட்கார வைத்தால் ஆட்டமே கெட்டுவிடும். பாடு என்பது பிழைப்புக்கான பங்கு. அணித் தேர்வு என்பது போட்டி. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பாடு முறையிலும் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் முறை வரும். ஏரியையே நம்பிப் பிழைக்கும் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்று பல காலமாகச் சச்சரவு இருக்கிறது. ஆக, பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அதனால் நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். சிறந்தவர் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் இடம் கிடைக்காமல் போவது துரதிர்ஷ்டம். கோயலுக்கும் சிவால்கருக்கும் சரத்துக்கும் பெரும்பாலும் நடந்தது அதுதான். ஆனால் இடம் காலியானபோதும் வரிசையில் முதலில் நிற்பவரைப் பார்க்காமல் விடுவது வேறு விஷயம். 1974 பெங்களூரில் நடந்தது அது. ஆடும் திறமையைவிட அரண்மனைச் செல்வாக்கு பெரிதாக இருந்த 1936ஐயும் நான் அந்தப் பக்கமே வைப்பேன். துரதிர்ஷ்டத்துக்கு யாரும் பொறுப்பில்லை. மற்றதற்குப் பொறுப்பு உண்டு.

நான் படிப்பது வணிகவியல். கணக்குப் புத்தகத்தில் நடந்த வரவு செலவுக்குத்தான் பதிவு உண்டு. நடக்காமல் போனதற்கு அங்கே ஒரு வரிகூடக் கிடையாது. கிரிக்கெட்டின் கணக்கும் அப்படித்தான் எழுதப்படுகிறது. 2022இல் கிரிக்கெட் வாரியம் முன்னாள் வீரர்களின் ஓய்வூதியத்தை உயர்த்தியது. முதல் தர வீரர்களில் கீழ்ப்பிரிவுக்கு மாதம் 15,000லிருந்து 30,000 ரூபாய். டெஸ்ட் வீரர்களில் கீழ்ப்பிரிவுக்கு 37,500லிருந்து 60,000. உயர்த்தியது நல்ல விஷயம்தான். ஆனால் இந்த இரண்டு பிரிவுக்கும் நடுவில் மாதா மாதம் 30,000 ரூபாய் இடைவெளி. தொப்பியின் விலை அது!

இதில் மாற்றக்கூடியது நிறைய இருக்கிறது. அணியில் பதினொரு இடம்தான், அதைப் பன்னிரண்டாக்க முடியாது. ஆனால் உள்ளூர் ஆட்டத்தை இந்திய அணிக்கான காத்திருப்பு அறையாக மட்டும் பார்ப்பதை விடலாம். பேடி இந்தியாவுக்கு ஆடியபோது, அடுத்த தலைமுறை பேட்ஸ்மேன்களை ரஞ்சியில் சோதித்து அனுப்பியவர்கள் கோயலும் சிவால்கரும்தான். கவாஸ்கர் தன்னைக் கவர்ந்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய 'ஐடல்ஸ்' புத்தகத்தில் உலக நட்சத்திரங்களோடு டெஸ்ட் ஆடாத இந்த இருவரையும் சேர்த்தார். அவர்களை எதிர்த்து ஆடியவருக்கு மதிப்புத் தெரிந்திருந்தது. வாரியத்துக்குத் தெரிய 2017 வரை ஆனது. அந்த ஆண்டுதான் இருவருக்கும் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள். கோயல் 2020இலும், சிவால்கர் 2025 மார்ச்சிலும் மறைந்துவிட்டார்கள்.

அடுத்த முறை சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். இடத்துக்குப் பஞ்சமே இருக்காது. யாருக்கும் பெயர் தெரியாத ஒருவர் ஒரு முனையிலிருந்து நாள் முழுக்கப் பந்து வீசிக்கொண்டிருப்பார். அவருக்கு இந்திய அணியில் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது இருக்கட்டும். அன்றைக்கு அவர் நன்றாக வீசினால் கை தட்டிவிட்டு வாருங்கள்.