ஜீப் பேசிய இரட்டைக்கிளவி

பதிவு கொஞ்சம் நீளம். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய அப்பா ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டிய பெட்ரோல் ஜீப், பல வருடமாகப் போடியில் கொட்டகைக்குள் நின்றது. அப்பா காலமான பிறகு அதை விற்க மனமில்லாமல் ஓடவைத்திருக்கிறார். "சார், ஸ்டார்ட் ஆயிருச்சு. ஆனா என்னமோ சத்தம் வருது. வருசக்கணக்கா ஜீப்புலயே மலைக்குப் போய் வந்தவர் நீங்க. இது என்ன சத்தம் சார்?" என்று கேட்டிருந்தார்.

தம்பி, நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஜீப் ஸ்டாண்டில் காத்திருந்த காலைகளில், பக்கத்துப் பட்டறைகளில் நடந்ததைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதோடு இந்தச் சத்தங்களுக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நம் மலைக்கு எஞ்சின் சத்தம் பிந்தித்தான் வந்தது. முன்பு மூணாறுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வரும். 1902இல் அங்கே மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி இருந்தது. 1908இல் அது நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ரோப்வேயில் பெட்டிகள் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டி கட்டிப் போடிக்கு வரும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928இல்.

ஜீப் வந்தது நாடு விடுதலை அடைந்த பிறகு. 1945இல் தொடங்கிய மகிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிக் கொடுக்க ஆரம்பித்தது. 1950இல் அமெரிக்காவில் அறிமுகமான 'ஹரிக்கேன்' எஞ்சின் பின்னாளில் நம் ஊர் பெட்ரோல் ஜீப்புகளிலும் வந்தது. நாலு சிலிண்டர், சுமார் 2,200 சி.சி. அதில் ஒரு விசேஷம் உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக டேப்பட் இடைவெளி வைக்க வேண்டும். சத்தம் வர இரண்டு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்வது டாக்டர்களின் வித்தை. 1816இல் பாரிசில் லெனெக் என்ற மருத்துவர், காகிதத்தைக் குழல்போலச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். நம் பட்டறைகளில் அந்த வேலையைச் செய்தது நீளமான ஸ்க்ரூ டிரைவர். முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார்கள். வைக்கும் இடத்தை மாற்ற மாற்ற, எங்கே சத்தம் கூடுகிறதோ அங்கேதான் கோளாறு.

வகுப்பில் உங்களுக்கு இரட்டைக்கிளவி நடத்தியது நினைவிருக்கிறதா? பிரித்தால் பொருள் தராது என்று சொல்லிக் கொடுத்தேன். பட்டறைக்காரர்களிடம் அந்தச் சொற்களில்தான் முழுப் பொருளும் இருந்தது.

'டிக்டிக்' என்று தையல் மிஷின்போல மேலிருந்து வந்தால் டேப்பட். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கும். அதனால் எஞ்சின் வேகத்தைவிடச் சத்தம் நிதானமாகக் கேட்கும். இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

'கீச்கீச்' என்றால் முதலில் ஃபேன் பெல்ட்டைப் பார். ஓடும்போது பெல்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சத்தம் மாறினால் பெல்ட்தான். மாறாவிட்டால் வாட்டர் பம்ப் பேரிங்கையோ டைனமோ பேரிங்கையோ சந்தேகப்படு.

'புஸ்புஸ்' என்று குளிரில் வந்து, சூடேறியதும் குறைந்தால் சைலன்சர் பக்கத்து கேஸ்கெட் ஒழுகுகிறது.

'டொக்டொக்' என்று அடியிலிருந்து கனமாக வந்தால் பயப்பட வேண்டும். அது கனெக்டிங் ராடு பேரிங். ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடும். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது சத்தம் அமுங்குகிறதோ, அந்தச் சிலிண்டர். டீசல் வண்டியில் பிளக் கிடையாது. இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, ஏற்றத்தில் பெரிய கியரில் இழுக்கும்போது டப்பாவில் சில்லறையைக் குலுக்குவதுபோல 'கிணிகிணி' என்று வருவது. இதுதான் நாக்கிங். பெட்ரோல் நேரம் தப்பிக் கண்டபடி வெடிப்பதால் வரும் சத்தம். இதை அடக்க 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி ஈயம் கலந்த ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். அதைப் பெட்ரோலில் கொஞ்சம் கலந்ததும் எஞ்சின் அமைதியானது. ஆனால் 1924இல், நம் மலையில் வெள்ளம் வந்த அதே வருடம், நியூஜெர்சியில் அந்த மருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள் விஷம் ஏறி இறந்தார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. பல தலைமுறைக் குழந்தைகள் அந்த ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். இந்தியாவில் அது 2000இல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. சத்தம் அடங்கிவிட்டது என்பதற்காக நோய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதை எழுதும்போது என் தப்பு ஒன்றும் நினைவுக்கு வருகிறது.

1990களின் தொடக்கம். டவுன் பள்ளியிலிருந்து எனக்கு மலைப் பள்ளிக்கு மாற்றலாகியிருந்தது. தினமும் காலையில் தோட்டத் தொழிலாளர்களோடு ஜீப்பில் நெருக்கியடித்துப் போவேன். ஸ்டாண்டுக்கு அடுத்த பட்டறையில் ஒரு பையன் நிற்பான். டவுன் பள்ளியில் என்னிடம் அஞ்சாம் வகுப்புப் படித்தவன், அப்போது எட்டாவது. ஒரு நாள் ஓடிவந்து சொன்னான்: "சார், இந்த வண்டியில ஏறாதீங்க சார். டொக்டொக்குன்னு கேக்குது. ராடு போயிரும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "படிக்கிற வயசுல பட்டறையில உனக்கு என்னடா வேலை? போய்ப் பாடத்தைப் படி." எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். டிரைவர் கேசட் சத்தத்தைக் கூட்டி வைத்தார். அதன்பிறகு டொக்டொக் யாருக்கும் கேட்கவில்லை.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம். ஒரு பெரிய சத்தம். ராடு முறிந்து பிளாக்கைக் குத்திவிட்டது. ஆயில் ரோட்டில் கொட்டியது. எஞ்சின் நின்றதும் வண்டி பின்னால் நகர்ந்தது. அத்தனை ஆள் பாரத்தில் பிரேக் பிடித்தும் மெல்ல மெல்ல வழுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா சட்டென்று குதித்து, ஓரத்தில் கிடந்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். வண்டி நின்றது. பின்னால் எட்டிப் பார்த்தேன். பள்ளம் தெரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் ஸ்டாண்டில் அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் என்ற கௌரவம் தடுத்தது. மற்றப் பிள்ளைகளிடம் "கவனி, கவனி" என்று நாள் முழுக்கச் சொன்னவன், கவனித்துச் சொன்ன ஒரு பிள்ளையை விரட்டிவிட்டேன். அவன் இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, முப்பது வருடம் தாமதம்தான். நீ சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. என்னை மன்னித்துக்கொள்.

இன்றைய கார்களில் நாக்கிங்கைக் கேட்பதற்கென்றே எஞ்சினில் ஒரு சென்சார் இருக்கிறது. பழைய வண்டிக்கு மனுசக் காதுதான் சென்சார்.

இனி, கோயம்புத்தூர் தம்பிக்கு. உன் ஒலிப்பதிவை நாலு தடவை கேட்டேன். என் காதுக்கு அது 'டிக்டிக்'தான், டேப்பட்டாக இருக்கலாம். ஆனால் போனில் கேட்டு முடிவு செய்யக் கூடாது. முதலில் ஆயில் அளவைப் பார். பல வருடம் நின்ற வண்டி, பழைய ஆயிலை மாற்றிவிடு. ஆயில் பிரஷர் முள் ஏறுகிறதா என்று பார். பெட்ரோல் டேங்கையும் சுத்தம் செய். பிறகு அந்தப் பட்டறைக்குக் கொண்டு போ. விலாசம் தனியாக அனுப்புகிறேன். அடியிலிருந்து 'டொக்டொக்' கேட்டால் மட்டும் உடனே அணைத்துவிடு, கட்டி இழுத்துக்கொண்டு போ. அப்பாவின் வண்டி, பத்திரம்.

உங்கள் வீட்டு வண்டிகள் என்னென்ன சத்தம் போட்டன? கீழே எழுதுங்கள். இரட்டைக்கிளவியாக இருந்தால் ஒரு மதிப்பெண் கூடுதல்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்