மின்பாயம் பிறந்த வரலாறு

பௌதிகம் கற்கத் தொடங்கும் மாணவர்கள் மின்னியலில் முதன்முதலாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மின்னூட்டம் இன்னதென்பதை அவர்கள் ஒருவாறு அறிந்துகொள்கிறார்கள். சீப்பைத் தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துப் பார்த்த அநுபவம் அதற்குத் துணை நிற்கிறது. மின்புலம் என்பதையும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் 'மின்பாயம்' என்ற சொல் வந்தவுடன் மனம் மருள்கிறது. புலத்தின் வலிமையைப் பரப்பினால் பெருக்கி, அதை மேலும் ஒரு கோணத்தின் கொசைனால் பெருக்கினால் கிடைப்பது மின்பாயம் என்று மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். எது பாய்கிறது, எங்கே பாய்கிறது என்று கேட்டால் விடை வருவதில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்கு நல்ல மருந்து அந்தக் கருத்தின் வரலாறே என்பது என் எண்ணம். சூத்திரம் தோன்றுவதற்கு முன்பே கருத்துத் தோன்றிவிட்டது. அதனை முதலில் கண்டவரோ உயர்ந்த கணிதம் பயிலாத ஒருவர்.

அவர் காலத்து விஞ்ஞானிகளின் மனநிலையை முதலில் பார்ப்போம். சூரியனும் பூமியும் இடையிலுள்ள வெட்டவெளியைத் தாண்டி ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று நியூட்டன் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். 1785ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கூலோம், மின்னூட்டங்களும் அதே மாதிரியான விதிக்கு அடங்கியவை என்பதைத் தம் முறுக்குத் தராசினால் நிறுவினார். தொலைவு இரு மடங்கானால் விசை நாலில் ஒன்றாகிறது. மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகிறது. இந்த விதியை வைத்துக்கொண்டு கணித அறிஞர்கள் அழகிய கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையே உள்ள வெளியில் என்ன நடக்கிறது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. கணக்குச் சரியாக வந்தது. அது போதும் என்றிருந்தார்கள்.

அந்தக் கேள்வியை விடாமல் பற்றிக்கொண்டவர் மைக்கேல் பாரடே. 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மிகவும் சொற்பம். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானத்தில் ஆசை கொண்டார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தாமே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவியின் ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார். தம் ஆராய்ச்சி வாழ்வு முழுவதையும் அங்கேயே கழித்தார்.

கணிதக் குறியீடுகள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆகவே, கண்ணால் காணக்கூடிய ஒன்றை நாடினார். ஒரு காந்தத்தின்மேல் காகிதத்தைப் பரப்பி இரும்புத் தூளைத் தூவினால், தூள் வளைந்த கோடுகளாக அணிவகுத்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மற்றவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. பாரடேயின் கண்ணுக்கு அதுவே உண்மையின் உருவம். காந்தத்தைச் சுற்றியுள்ள வெளி முழுவதும் விசைக்கோடுகளால் நிறைந்திருக்கிறது என்று அவர் கொண்டார். மின்னூட்டத்தைச் சுற்றியும் அத்தகைய கோடுகள் உண்டு என்றார். 1837இல், ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரண்டு பித்தளைக் கோளங்களுக்கு இடையே கந்தகம், அரக்கு, கண்ணாடி ஆகியவற்றை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார். இடையில் உள்ள பொருள் மாறினால் விளைவும் மாறியது. அப்படியானால் இடைவெளி வெறும் பாழ் அன்று. அதற்கும் இந்தச் செயலில் பங்கு உண்டு.

கோடுகள் உண்டு என்று கொண்டபின் அவற்றை எண்ணலாம் அல்லவா? அந்த எண்ணிக்கைதான் பாயம் என்னும் கருத்தின் வித்து. காற்றில்லாத நேரத்தில் மழை நேர் செங்குத்தாகப் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முற்றத்தில் ஒரு முறத்தைக் கிடையாகப் பிடித்தால் மிகுதியான துளிகள் அதில் விழும். சற்றே சாய்த்தால் குறையும். 60 பாகை சாய்த்தால் சரியாகப் பாதி விழும். செங்குத்தாக நிறுத்திவிட்டால் துளிகள் அதன் பக்கமாக வழுக்கிக்கொண்டே போய்விடும். முறத்தில் ஒன்றும் விழாது. மழை எவ்வளவு அடர்த்தியாகப் பெய்கிறது, முறம் எவ்வளவு பெரியது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்து துளிகளின் தொகையைத் தீர்மானிக்கின்றன. துளிகளின் இடத்தில் விசைக்கோடுகளை வைத்தால் அதுவே மின்பாயம். மாணவர்களை மருட்டும் கொசைன், முறத்தின் சாய்வைக் குறிக்கும் ஓர் அளவேயன்றி வேறில்லை.

1843ஆம் ஆண்டில் பாரடே செய்த ஒரு சோதனை இங்கே மிகவும் முக்கியமானது. பனிக்கட்டி வைக்கும் உலோக வாளி ஒன்றை மின்கடத்தாப் பீடத்தின்மேல் நிறுத்தினார். அதன் உயரம் சுமார் 10½ அங்குலம். அகலம் 7 அங்குலம். வாளியின் வெளிப்புறத்தை ஒரு கம்பியினால் தங்க இலை மின்காட்டியோடு இணைத்தார். பிறகு, மின்னூட்டம் ஏற்றிய பித்தளைக் குண்டு ஒன்றை நீண்ட பட்டு நூலில் கட்டி வாளிக்குள் மெல்ல இறக்கினார். குண்டு உள்ளே இறங்க இறங்க மின்காட்டியின் இலைகள் விரிந்தன. ஓர் ஆழத்துக்குப் பிறகு விரிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. குண்டை இப்பக்கம் நகர்த்தினாலும் அப்பக்கம் நகர்த்தினாலும் இலைகள் அசையவில்லை. வாளியின் அடியைத் தொடும்படி விட்டாலும் மாற்றம் இல்லை. குண்டை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதில் மின்னூட்டம் சிறிதும் எஞ்சியிருக்கவில்லை. ஒன்றினுள் ஒன்றாக நான்கு வாளிகளை வைத்துச் செய்தபோதும் முடிவு அதுவே.

இதன் பொருள் என்ன? குண்டிலிருந்து புறப்படும் கோடுகள் எல்லாம் வாளியின் உட்சுவரில் சென்று முடிகின்றன. குண்டு எங்கே இருந்தாலும் அவற்றின் மொத்தத் தொகை மாறுவதில்லை. சூழ்ந்திருக்கும் சுவர், உள்ளே இருக்கும் மின்னூட்டம் எவ்வளவு என்பதை மட்டுமே அறிகிறது. அது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

இதே உண்மையை ஜெர்மனியில் கணித மேதை காஸ் வேறு வழியில் அடைந்திருந்தார். தலைகீழ் இருபடி விதிக்கு அடங்கிய விசைகளைப் பற்றி அவர் எழுதிய பொதுத் தேற்றங்கள் 1839, 1840ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. அவருக்கு முன்பே 1773இல் லக்ராஞ்சு இதன் ஒரு வடிவத்தைத் தொட்டிருந்தார். ஆயினும் இன்று அது காஸின் விதி என்றே வழங்குகிறது. மூடிய பரப்பு ஒன்றின் வழியாக வெளியேறும் மொத்த மின்பாயம், அதனுள் அடங்கிய மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அந்த விதி.

ஓடும் ஆற்றில் ஒரு மூங்கில் கூடையை அமிழ்த்தி வைத்தால், ஒரு பக்கம் நுழையும் தண்ணீர் மறுபக்கம் வெளியேறிவிடும். மொத்தத்தில் வரவும் செலவும் சமம். வெளியே உள்ள மின்னூட்டம் மூடிய பரப்புக்கு மொத்தப் பாயம் எதையும் தராததற்குக் காரணம் இதுதான். ஆனால், அந்தக் கூடைக்குள்ளேயே ஓர் ஊற்று இருந்தால், நுழைவதைவிட வெளியேறுவது மிகும். அந்த மிகுதி ஊற்றின் அளவைச் சரியாகக் காட்டும். நேர் மின்னூட்டம் ஓர் ஊற்று. எதிர் மின்னூட்டம் நீரை விழுங்கும் ஒரு மடு.

ஒரு பக்கம் வாளியும் குண்டும். மறுபக்கம் கணிதத் தேற்றம். இரண்டும் ஒன்றே என்பதை உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1855ஆம் ஆண்டில் அரச வானியலறிஞரான ஏரி, கணக்குக்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் பழைய கொள்கையை விட்டுவிட்டு, விசைக்கோடுகள் என்ற தெளிவற்ற ஒன்றை நாடுவது தமக்கு விளங்கவில்லை என்ற கருத்தில் எழுதினார். விசைக்கோடுகள் வெறும் படங்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தால், மின்னியலின் வரலாறே வேறு வழியில் போயிருக்கும்.

அப்படிப் போகாமல் தடுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1855 டிசம்பரிலும் 1856 பிப்ரவரியிலும் கேம்பிரிட்ஜில் பாரடேயின் விசைக்கோடுகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். டிசம்பரில் அவருக்கு வயது 24. கோடுகளைக் குழாய்களாகவும், அக்குழாய்களில் அமுக்க இயலாத ஒரு கற்பனைத் திரவம் ஓடுவதாகவும் அவர் கொண்டார். திரவத்தின் ஓட்டத்துக்குரிய கணிதம் அப்படியே விசைக்கோடுகளுக்கும் பொருந்திற்று. அந்தத் திரவம் உண்மையில் இருப்பதாக அவர் சொல்லவில்லை. அது சிந்தனைக்கு ஊன்றிய கோல் என்பதைத் தெளிவாகவே கூறினார். நிலைத்த மின்புலத்தில் எதுவும் பாய்வதில்லை. 'பாயம்' என்ற பெயர் அந்த உவமையின் எச்சம்.

மாக்ஸ்வெல் தம் கட்டுரையைப் பாரடேக்கு அனுப்பினார். 1857 மார்ச்சில் பாரடே எழுதிய மறுமொழி உருக்கமானது. இவ்வளவு கணித வலிமை தம் கருத்தின்மேல் பிரயோகிக்கப்பட்டதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், பின்னர் அது அந்த வலிமையை நன்றாகத் தாங்கி நின்றதைக் கண்டு வியந்ததாகவும் அறிவித்தார். அதே ஆண்டில் மற்றொரு கடிதத்தில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: கணித அறிஞர்கள் தம் முடிவுகளை அடைந்தபின், அவற்றைப் பொதுமொழியிலும் அதே தெளிவோடு சொல்லக்கூடாதா? சொன்னால், தம்மைப் போன்றவர்கள் அவற்றைச் சோதனையால் ஆராய்வார்களே!

இந்தக் கருத்து எவ்வளவு தூரம் சென்றது என்பதையும் கூறவேண்டும். இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே மின்னோட்டம் இல்லை. எனினும் அங்கே மின்பாயம் மாறிக்கொண்டிருந்தால், அந்த மாற்றமே ஒரு மின்னோட்டம் போலக் காந்தப்புலத்தை உண்டாக்கும் என்று 1861, 1862ஆம் ஆண்டுகளில் மாக்ஸ்வெல் கண்டார். அதிலிருந்து மின்காந்த அலைகள் கணிதத்தில் பிறந்தன. 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் அவற்றைச் சோதனையில் உண்டாக்கிக் காட்டினார். என் குரலை உங்களிடம் கொண்டுவரும் வானொலி அலைகள் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

காஸின் விதி தலைகீழ் இருபடி விதியையே நம்பி நிற்கிறது. கோளத்தின் பரப்பு ஆரத்தின் இருபடியாகப் பெருகுகிறது. விசை அதே அளவில் குறைகிறது. ஆகவே பெருக்குத்தொகை மாறாதிருக்கிறது. அந்த 'இரண்டு' என்ற எண் சிறிதேனும் பிசகினால், கோடுகள் வெட்டவெளியில் முளைக்கவோ மறையவோ வேண்டியிருக்கும். மின்னூட்டிய கூட்டின் உட்புறத்தில் மின்விளைவு எதுவும் தோன்றுகிறதா என்று பார்ப்பதே அந்தப் பிசகைத் தேடும் வழி. கேவண்டிஷ் 1773இல் இவ்வாறு சோதித்து, பிசகு ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இராது என்று கண்டார். 1936இல் பிளிம்ப்டனும் லாட்டனும் அந்த வரம்பை நூறு கோடியில் இரண்டு பங்காகச் சுருக்கினார்கள். 1971இல் வில்லியம்ஸ், பாலர், ஹில் ஆகிய மூவர் தசமப் புள்ளிக்குப்பின் 15 இடங்கள் வரை பிசகு எதையும் காணவில்லை. பாரடேயின் கோடுகள் எண்ணிக்கையில் தவறுவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஆகவே, மின்பாயத்தைக் கற்கும் மாணவர்களுக்கு நான் கூற விரும்புவது இதுதான். சூத்திரத்தை எழுதுவதற்கு முன் ஒரு படம் வரையுங்கள். மின்னூட்டத்திலிருந்து புறப்படும் கோடுகளைப் போட்டு, அதைச் சுற்றி ஒரு மூடிய வளைவை இடுங்கள். வெளியேறும் கோடுகள் எத்தனை, நுழைகின்றவை எத்தனை என்று எண்ணுங்கள். வளைவின் வடிவத்தை மாற்றி மீண்டும் எண்ணுங்கள், விடை மாறாது. மின்னூட்டத்தை வளைவுக்கு வெளியே வைத்து எண்ணுங்கள். வரவும் செலவும் சரியாகிவிடும். அதன் பிறகு சூத்திரத்தைப் பாருங்கள். நீங்கள் எண்ணியதையே அது சுருக்கமாகச் சொல்வதைக் காண்பீர்கள். பாரடேயின் கோடுகளிலிருந்து மாக்ஸ்வெல் தம் சமன்பாடுகளுக்குச் சென்ற பாதையும் இதுவே.