சீகன்பால்குவின் துணிச்சல்

எங்கள் கிள்ளையிலிருந்து சிதம்பரம் போய், கொள்ளிடம், சீர்காழி தாண்டித் தெற்கே போனால் தரங்கம்பாடி. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கினார். நம்மைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர்.

விசுவாசத்தில் வைராக்கியம் என்றாலே உரத்த பிரசங்கம்தான் நம் நினைவுக்கு வருகிறது. அவரோ முதலில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுத்து எழுதிப் பழகினார்.

1708-ல் கடன் வழக்கு ஒன்றில் ஓர் ஏழை விதவைக்காகப் பரிந்து பேசினார். விளைவு? அரசர் அனுப்பியவரையே கோட்டைத் தளபதி ஹாசியஸ் சுமார் நான்கு மாதம் சிறையில் அடைத்தார்!

வெளியே வந்தவர் ஊருக்குக் கப்பல் ஏறவில்லை. விட்ட இடத்திலிருந்து புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711-ல் முடித்தார். 1715-ல் அது முழுதும் தரங்கம்பாடியிலேயே அச்சாகி வெளிவந்தது. தமிழரின் தெய்வங்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். அனுப்பியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நூல் 1867-ல்தான் அச்சேறியது.

1719-ல், 36 வயதில் மறைந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

முழு மனதோடு நம்புவது என்றால் என்ன? அந்த விதவைக்காகப் பேசியதும், சிறைக்குப் பிறகும் இங்கேயே இருந்ததும்தான் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?